காருக்குள் நல்ல ஒலி: கதவும் கம்பியும் காதும்

கார் ஒலியமைப்பின் முதல் சிக்கல் கார்தான். இசை கேட்பதற்கென்று எவரும் இப்படி ஓர் அறையைக் கட்டமாட்டார்கள். பெரோடுவா மைவி போன்ற சிறிய காரின் உட்புறம், பின்னாலுள்ள ‘பூட்’ எனும் சாமான் பகுதியையும் சேர்த்தாலும், ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த அகலமும் உடையது. பாதிச் சுவர் கண்ணாடி. அது ஒலியைத் திருப்பி அடிக்கும். மீதி, மெத்தை இருக்கையும் தரைவிரிப்பும். அவை உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். கேட்பவர் நடுவில் அமர்வதில்லை. மலேசியக் காரில் அவர் வலப்பக்கக் கதவை ஒட்டி அமர்ந்திருக்கிறார். ஸ்பீக்கர்கள் காதுக்கு நேராக இல்லாமல் முழங்காலுக்குக் கீழே கதவுக்குள் கிடக்கின்றன. ஓடும்போது டயர், காற்று, இன்ஜின் ஆகிய மூன்றும் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் பாட்டின் தாழ்ந்த சுரங்களை மூடிவிடுகிறது. தொழிற்சாலையில் பொருத்தி வரும் கருவிகளை மாற்றி, பிறகு அவற்றைச் சுருதி சேர்ப்பது என்பது இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எதிர்கொள்ளும் வேலை. பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவது அந்த வேலையின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

பினாங்கு மக்களுக்கு இந்தக் கருவிகள் அந்நியமானவை அல்ல. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானபோது அங்கே முதலில் வந்து தொழிற்சாலை அமைத்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்’ என்று அழைப்பதுண்டு. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி முதலிய பெயர்களே அதிகம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்த எட்டில் இரண்டு, கார் வானொலியில் பெயர் பெற்றவை: ஜப்பானின் கிளாரியன், ஜெர்மனியின் ராபர்ட் போஷ். ஜப்பானின் முதல் கார் வானொலியை 1951இல் செய்தது கிளாரியன். ஐரோப்பாவின் முதல் கார் வானொலியை 1932இல் வெளியிட்ட பிளாபுங்க்ட், அடுத்த ஆண்டு போஷின் கைக்கு வந்தது. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் தங்கள் கார் வானொலிக்கு மோட்டோரோலா என்று பெயரிட்டது 1930இல். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மலைச்சாலை ஏறி, ரெலாவ் வழியாக இறங்கினால் சென்றுசேரும் அந்தத் தொழிற்பேட்டை, உலகக் கார்களின் இசைக்கு அரை நூற்றாண்டாகப் பங்களித்து வந்திருக்கிறது.

கடையில் வாங்குபவர் முதலில் பார்ப்பது பிளேயர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘50 வாட் × 4’ என்ற எண்ணை. இதை நம்பி ஸ்பீக்கர் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட். பிளேயருக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர் சில்லு அந்த அழுத்தத்தைத் தாண்டி எதையும் தர முடியாது. 14.4 வோல்ட் உச்சம் தொடும் தூய சைன் அலையின் பயன்மதிப்பு (ஆர்.எம்.எஸ்.) 10.2 வோல்ட். அதை வர்க்கப்படுத்தி, 4 ஓம் ஸ்பீக்கரால் வகுத்தால் 26 வாட். டிரான்சிஸ்டர்களில் இழக்கும் அழுத்தத்தைக் கழித்தால் கையில் நிற்பது 20 வாட்டுக்குப் பக்கம். அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? அலையின் தலை முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் 14.4ஐ வர்க்கப்படுத்தி 4ஆல் வகுத்தால் 51.8 கிடைக்கும். அதாவது அந்த எண், பாட்டு கரகரவென்று சிதைந்துபோன பிறகு பிறக்கும் திறன். ஆகவே பெட்டியில் ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்று இருப்பதை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். என்று குறித்த வாட்டை மட்டும் ஒப்பிட வேண்டும்.

அந்த 20 வாட்டும் குறைந்ததல்ல. திறன் இரட்டிப்பானால் ஒலி மட்டம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். 87 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 டெசிபெல் ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கிய பலன் ஒரு ரிங்கிட் மின்சாரச் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. ஸ்பீக்கர் அட்டையில் எழுதியிருக்கும் ‘300 வாட்’டைக் காட்டிலும், பலர் கவனிக்காத இந்த உணர்திறன் எண்ணுக்கே மதிப்பு அதிகம்.

முன்கதவு ஸ்பீக்கர்தான் முழு அமைப்பின் அடித்தளம். சிறிய கார்களில் பெரும்பாலும் 6.5 அங்குலம். உயர்ந்த சுரங்களுக்கான ட்வீட்டரை மையத்திலேயே பொருத்திய கோஆக்சியல் வகை மலிவானது, மாற்றுவது எளிது. ட்வீட்டரைத் தனியே பிரித்து, கண்ணாடிக்குப் பக்கத்து முக்கோணத்திலோ முன்தூணிலோ வைக்கும் கம்பொனென்ட் வகையில் பாடகரின் குரல் முழங்காலை விட்டு எழுந்து டேஷ்போர்டின் மேலே நிற்கும். பின்கதவு ஸ்பீக்கர்களுக்குச் செலவழிக்கும் பணம் இரண்டாம் பட்சம். மேடை முன்னால் இருக்க வேண்டும்; பின்னாலிருந்து வலுவாக வரும் ஒலி அந்த மேடையைக் கலைக்கும்.

ஆனால் எந்த ஸ்பீக்கரும் தான் உட்கார்ந்திருக்கும் கதவைவிட நன்றாகப் பாடாது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த சுரங்கள் ரத்தாகிவிடும். கார் கதவின் உள் தகட்டில் பழுது பார்ப்பதற்கென்று விட்ட பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றின் வழியேதான் இந்தச் சந்திப்பு நடக்கிறது. பியூட்டைல் ரப்பர் பூசிய அலுமினியத் தகடுகளைக் கொண்டு அந்த ஓட்டைகளை அடைத்து, வெளித் தகட்டின் உட்புறத்திலும் சில துண்டுகளை ஒட்டினால் கதவு ஒரு பெட்டியைப் போல நடந்துகொள்ளத் தொடங்கும். அதே ஸ்பீக்கரில் முன்பு கேட்காத பேஸ் கேட்கும்; தகடு அதிர்ந்து எழும் சலசலப்பும் அடங்கும். முழுப் பரப்பையும் மூட வேண்டியதில்லை. அதிரும் தகட்டின் நடுப்பகுதியில் நாலில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரும் வேறுபாடு தெரியும். தார் கலந்த மலிவுத் தகடுகளைத் தவிர்க்க வேண்டும். பினாங்கின் வெயிலில் நிறுத்தியிருக்கும் காரின் உட்புறம் 60 பாகை செல்சியஸைத் தொடக்கூடியது. அந்தச் சூட்டில் தார் இளகி வழியும், வண்டி முழுவதும் நாறும்.

மழையும் கவனிக்க வேண்டிய ஒன்று. கண்ணாடியின் இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர், வெளித் தகட்டின் உட்புறமாக வழிந்து அடியிலுள்ள வடிகால் துளைகளில் வெளியேற வேண்டும். அவசரத்தில் அந்தத் துளைகளின் மேலேயே தகட்டை ஒட்டிவிட்டால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு எதையும் மாற்றாக ஒட்டாமல் விட்டால் தரைவிரிப்பு நனையும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம் பல கடைகளில் எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தரப்படுகிறது. வறண்ட நாட்டில் அது போதும். இங்கே ஈரம் குடித்து ஊதி, ஓரிரு மழைக்காலங்களில் திருகாணி பிடிப்பு இழந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் கேட்டு வாங்குவது நல்லது. எம்.டி.எஃப்.தான் கிடைக்கும் என்றால் எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசிய பிறகே உள்ளே போக வேண்டும்.

கதவு சரியானபின் ஆம்ப்ளிஃபயர். ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் ஒலிக்குத் தருகிறது, மீதி வெப்பமாகிறது. டி வகை 80 விழுக்காட்டுக்கு மேல் தரும். 500 வாட் ஆர்.எம்.எஸ். தரும் டி வகை ஆம்ப்ளிஃபயர் முழுத் திறனில் ஓடினால் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். ஏபி வகையானால் 65 ஆம்பியரைத் தாண்டும். இசை ஏறி இறங்குவது என்பதால் சராசரி இழுப்பு இதில் சிறு பங்குதான். ஆயினும் தாளத்தின் ஒவ்வோர் அடியிலும் அந்த உச்சம் வந்து போகும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் தன் முழு அளவைத் தராது. ஆயர் ஈத்தாம் சந்தை முனையில் கெக் லோக் சி கோவிலுக்குச் செல்லும் வண்டிகளோடு மாலை மழையில் நகராமல் நிற்கும்போது ஏர்கோன், வைப்பர், விளக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது மீதியிருக்கும் மின்சாரமே பாட்டுக்கு. பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் முன்விளக்கு மங்கி எரிந்தால், அமைப்பு காரின் வரவை மீறிச் செலவழிக்கிறது என்று பொருள். அதற்குப் பெரிய கெப்பாசிட்டரை வாங்கி மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவு. அது மின்சாரத்தைச் சேமித்து வைக்குமே தவிர உண்டாக்காது. நல்ல பேட்டரி, தடித்த எர்த் வயர், தேவைக்கு ஏற்ற அளவான ஆம்ப்ளிஃபயர் ஆகியவைதான் தீர்வு.

வயரின் தடிமனை ஊகத்துக்கு விடக்கூடாது. பேட்டரியிலிருந்து பூட் வரை 5 மீட்டர் என்று கொண்டால், 8 கேஜ் செம்பு வயர் 45 ஆம்பியரில் கிட்டத்தட்ட அரை வோல்ட்டை விழுங்கும். 4 கேஜ் வயர் 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வயர் தொகுப்புகளில் பெரும்பாலானவை செம்பு முலாம் பூசிய அலுமினியம்; அவற்றின் மின்கடத்துத்திறன் தூய செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அவற்றை வாங்கினால் ஓர் அளவு தடித்ததை வாங்க வேண்டும். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் முதன்மை ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குள் ஏற்கெனவே ஃபியூஸ் உண்டு என்று இதை விட்டுவிடும் கடைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஆம்ப்ளிஃபயரைக் காப்பது. பேட்டரி அருகே இருப்பது காரையும் காரில் இருப்பவர்களையும் காப்பது. இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டின் கூரிய விளிம்பில் வயர் உராய்ந்து தோல் கிழிந்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அந்த ஓரிடத்தில் பாயும். அங்கே ரப்பர் வளையம் இல்லாமல் வயரை இழுக்கவே கூடாது. எர்த் முனையை, பெயின்ட் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில், அரை மீட்டருக்கு மிகாத வயரால் இறுக்க வேண்டும்.

புதிய கார்களில் இன்னொரு கவலை உத்தரவாதம். பெரோடுவா போன்ற நிறுவனங்கள் 5 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. மூல வயர்களை வெட்டி ஒட்டினால் அந்த மின்பகுதிக்கான உத்தரவாதத்தைக் கேட்க முடியாமல் போகலாம். வெட்டாமல் பழைய சாக்கெட்டிலேயே செருகும் இணைப்பான்கள் இப்போது ஏறக்குறைய எல்லா மாடல்களுக்கும் கிடைக்கின்றன. பிளேயரைக் கழற்றாமல், அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சைகையை எடுத்துக்கொள்ளும், டிஎஸ்பி எனும் இலக்கமுறைச் சைகைச் செயலி கொண்ட ஆம்ப்ளிஃபயர்களும் உண்டு. திரையில் ஏர்கோனும் பின்நோக்குக் கேமராவும் சேர்ந்து வரும் இன்றைய கார்களுக்கு இதுவே பொருத்தமான வழி.

தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள சப்-ஊஃபரைப் பொறுத்தவரை சிறிய கார் ஒரு நன்மை செய்கிறது. ஒலியின் அரை அலைநீளம் உட்புறத்தின் நீளத்தைவிடப் பெரிதாகும்போது கார் முழுவதும் ஒரே அழுத்த அறையாக மாறிவிடும். இரண்டரை மீட்டர் நீளத்துக்கு இது 70 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கும். அதற்குக் கீழே போகப்போக ஒவ்வோர் ஆக்டேவுக்கும் 12 டெசிபெல் வரை ஒலி தானாகவே கூடும். மூடிய பெட்டியில் வைத்த சப்-ஊஃபர் அதே பகுதியில் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வீதம் குறைகிறது. இழப்பும் ஈட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், பத்து அங்குல சப்-ஊஃபர் ஒன்று 20 லிட்டர் அளவுள்ள மூடிய பெட்டியிலிருந்தே ஆழமான, கட்டுப்பாடான பேஸ் தருகிறது. துளை வைத்த பெட்டி அதிகச் சத்தம் தரும். இடமும் அதிகம் கேட்கும். துளையின் சுருதிக்குக் கீழே கூம்புக்குப் பிடிப்பு இல்லாமல் போவதால் அந்தப் பகுதியை வடிகட்டி வெட்டாவிட்டால் ஊஃபர் கிழியும். பூட்டை இழக்க விரும்பாத குடும்பக் காருக்கு இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டையான எட்டு அங்குல சப்-ஊஃபர் போதுமானது. எதுவானாலும் பெட்டியைப் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறும் சரிவில் அது நகர்வது சிறு தொல்லை, மோதலில் அது முன்னே பாய்வது உயிராபத்து.

வானொலி கேட்பவர்களுக்கு ஆயர் ஈத்தாம் கடினமான இடம். மேற்கிலும் வடமேற்கிலும் 833 மீட்டர் உயரும் கொடிமலைத் தொடர். கீழே பாயா தெருபோங் வரை நெருக்கமாக எழுந்த அடுக்குமாடிகள். வட மாநிலங்களுக்கான பண்பலை ஒலிபரப்பின் முக்கியக் கோபுரங்கள் கெடாவின் குனோங் ஜெராய் உச்சியில், கடலுக்கு அப்பால் இருக்கின்றன. பண்பலையின் அலைநீளம் சுமார் 3 மீட்டர். அந்த அலைகள் மலையிலும் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பி, நேராக வரும் அலையோடு மோதும். கார் ஓரிரு மீட்டர் நகர்ந்ததும் மின்னல் பண்பலையோ ராகாவோ ‘ஸ்ஸ்’ என்று இரைந்து மீண்டும் தெளிவதற்குக் காரணம் இதுவே. ஆண்டெனாவை மாற்றி இதை ஒழிக்க முடியாது. ஆனால் பிளேயரை மாற்றிய மறுநாளே எல்லா நிலையங்களும் மங்கிவிட்டால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கூரையிலுள்ள குட்டை ஆண்டெனாக்கள் பலவற்றுக்கு அடியில் ஒரு சிறிய பூஸ்டர் உண்டு; அதற்கு 12 வோல்ட் தரும் வயரைப் புதிய பிளேயரோடு இணைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஒரு வயரை இணைத்தால் குறை தீரும்.

இனி சுருதி சேர்த்தல். நல்ல கருவிகள் வாங்கியவர்களில் பலர் இந்தப் படியை அடைவதே இல்லை. வாங்கிய பணத்தின் பாதிப் பலன் இங்கேதான் தங்கிக் கிடக்கிறது. முதலில் பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபயரின் கெயின் குமிழ். இது சத்தத்தைக் கூட்டும் குமிழ் அல்ல. பிளேயர் தரும் சைகையின் அளவையும் ஆம்ப்ளிஃபயரின் எல்லையையும் பொருத்தி வைப்பது. வடிகட்டிகளையும் ஸ்பீக்கர்களையும் துண்டித்துவிட்டு, பிளேயரின் ஒலியை முக்கால் பங்கில் வைத்து, முழு அளவில் பதிவான 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு முனையில் மல்டிமீட்டரை வைக்கலாம். வாட்டை ஓம்மால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். அந்த அளவில் கெயினை நிறுத்திவிட வேண்டும். சப்-ஊஃபருக்கு இதையே 50 ஹெர்ட்ஸ் ஒலியில் செய்யலாம். எல்லையைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். அப்போது சராசரித் திறன் கூடுவதோடு, மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண்களும் பிறந்து ட்வீட்டருக்குப் போகும். மயிரிழை போன்ற அதன் சுருள் சூட்டில் கருகிவிடும். ட்வீட்டர்கள் எரிவதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபயரைவிட, அளவு மீறி முறுக்கிய சிறிய ஆம்ப்ளிஃபயரே அதிகம் காரணமாகிறது.

அடுத்து கிராஸ்ஓவர். கதவு ஸ்பீக்கரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, சப்-ஊஃபரை அதற்கு மேலே வெட்டுவது நல்ல தொடக்கம். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல் இருப்பதால் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. பூட்டில் கிடக்கும் சப்-ஊஃபர் டேஷ்போர்டில் வாசிப்பது போலவே கேட்கும். தாழ்ந்த சுரங்களைச் சுமக்கும் பாரம் நீங்கிய கதவு ஸ்பீக்கரும் குரலைத் தெளிவாகத் தரும். இந்த நிலையில் ஒரு சோதனை தவறாமல் செய்ய வேண்டும்: சப்-ஊஃபரின் இரு வயர்களை இடம் மாற்றி இணைத்துக் கேட்பது. எந்த இணைப்பில் பேஸ் கூடுதலாகவும் முன்னாலிருந்தும் வருகிறதோ அதுவே சரியானது. கதவு ஸ்பீக்கர்களுக்கு 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுப் பார்த்தால் போதும். கூட்டல் முனை சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். இடமும் வலமும் எதிரெதிராக இணைந்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் பேஸே இல்லாமல் ஒலிக்கும்.

பிறகு நேரத் திருத்தம். டிஎஸ்பி மலிவாகியிருப்பதால் எளிதாகியுள்ள, காருக்கே உரிய சிகிச்சை இது. ஓட்டுநரின் காதுக்கு வலக் கதவு ஸ்பீக்கர் 85 சென்டிமீட்டர் தூரம், இடக் கதவு ஸ்பீக்கர் 135 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்ளலாம். ஏர்கோன் ஓடும் காருக்குள் ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே வலப்பக்க ஒலி 1.4 மில்லிவினாடி முந்தி வந்துவிடுகிறது. எந்த ஒலி முதலில் வருகிறதோ அந்தத் திசையிலேயே முழுப் பாட்டும் இருப்பதாக மூளை முடிவு செய்கிறது; ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் இதை 1949இல் ஆய்ந்து எழுதினார். பாடகர் ஓட்டுநரின் வலது முழங்காலருகே நின்று பாடுவதாகத் தோன்றுவது இதனால்தான். அதோடு, 50 சென்டிமீட்டர் வேறுபாடு 350 ஹெர்ட்ஸ் அருகிலும் அதன் மூன்று மடங்கிலும் இரு பக்க ஒலிகளை எதிரெதிராக மோதவிட்டுக் குரலை மெலியச் செய்கிறது. டேப் கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து, பக்கத்தில் உள்ளதை 1.4 மில்லிவினாடி தாமதப்படுத்தினால் பாடகர் டேஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்துவிடுவார். இந்த நடு ஓட்டுநருக்கு மட்டுமே. இடப்பக்கம் இருப்பவருக்கு நிலைமை மோசமாகும். குடும்பத்தோடு செல்லும் நாளுக்கென்று தாமதமில்லாத இன்னோர் அமைப்பைச் சேமித்து வைப்பது நல்லது.

ஈக்வலைசர் கடைசியில்தான் வரவேண்டும். பெரும்பாலோர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எல்லா ஆக்டேவிலும் சம ஆற்றல் கொண்ட பிங்க் நாய்ஸ் எனும் சோதனை இரைச்சலை ஓடவிட்டு, ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்தில் ஐந்தாறு புள்ளிகளில் மைக்கை நகர்த்தி அளந்து சராசரி எடுக்க வேண்டும். கைப்பேசியின் மைக் ஒப்பிடுவதற்கு உதவும். தாழ்ந்த முனையில் அதை நம்ப முடியாது. அளவீட்டுக் கோட்டில் மேட்டை வெட்டுவதே முறை, பள்ளத்தை நிரப்ப முயலக்கூடாது. 6 டெசிபெல் கூட்டுவதற்கு நான்கு மடங்கு திறன் செலவாகும். அலைகள் மோதி ரத்தான பள்ளத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. முடிவில் கோடு தட்டையாக இருக்கக்கூடாது. சாலை இரைச்சல் தாழ்ந்த பகுதியை மூடுவதால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 முதல் 10 டெசிபெல் உயர்ந்தும், உயர்ந்த முனையில் மெல்லச் சரிந்தும் இருப்பதே ஓடும் காரில் இயல்பாகக் கேட்கும்.

அளவி முடித்த வேலையைக் காது சரிபார்க்க வேண்டும். அதற்குத் தமிழர் இசையில் கிடைக்கும் கருவிகளைவிடச் சிறந்த சோதனை அரிது. சாதாரணத் தோல் மேளத்தின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கரும்பசை வட்டம் அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று சுருதிக்குள் கொண்டுவருகிறது; சி.வி.ராமன் இதைப் பற்றி 1920இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ட்வீட்டரும் கதவு ஸ்பீக்கரும் ஒட்டாமல் இருந்தால் வலந்தலையின் அடி இரண்டு துண்டாக, தட்டல் ஓரிடத்திலும் நாதம் வேறிடத்திலுமாகக் கேட்கும். இடப்பக்கத் தொப்பியின் ‘கும்’ சப்-ஊஃபருக்கும் கதவுக்கும் இடையிலான கிராஸ்ஓவரைக் காட்டிக்கொடுக்கும். 1980களின் தமிழ்த் திரைப்பாடல்களில் ஓடும் பேஸ் கிட்டாரின் அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து ஏறும்போது ஒரு சுரம் மட்டும் துள்ளிப் பெருத்தால் அது காரின் ஒத்ததிர்வு, அந்த இடத்தை வெட்ட வேண்டும். பெண்குரல் பாடல்களில் ‘ச’வும் ‘ஸ’வும் ஊசியாகக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் மிகுந்துவிட்டது. நாதஸ்வரம் காதை அறுத்தால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸைச் சற்றுக் குறைக்கலாம். உறுமியின் தேய்ப்பொலி கதவு அட்டையைச் சலசலக்கச் செய்தால், ஈக்வலைசரை விட்டுவிட்டு மறுபடி கதவைத் திறக்க வேண்டியதுதான்.

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து உயரும் ‘ங்ஙீ’ என்ற ஓசை பரவலான கோளாறு. அது ஆல்டர்னேட்டரின் மின் அலை. பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு எர்த் அழுத்தத்தில் நிற்கும்போது சைகையைக் கொண்டுசெல்லும் ஆர்சிஏ கேபிளின் உறை வழியே அது பாய்கிறது. முதலில் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையைக் கழற்றிச் சுரண்டி மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அங்கேயே தீர்ந்துவிடும். ஆர்சிஏ கேபிளைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்வதும் உதவும். வடிகட்டி வாங்கி மாட்டுவது கடைசி வழி.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏழு மீட்டர். செங்கல் சுவர் அதை முழுவதும் தடுப்பதில்லை. ஃபார்லிம், பாயா தெருபோங் அடுக்குமாடிகளின் வண்டி நிறுத்தங்களில் எழும் பேஸ், பல மாடிகள் தாண்டித் தூங்கும் குழந்தையை எழுப்பும். காருக்குள் இருப்பவருக்கோ ஆபத்து இன்னும் நெருக்கமானது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தொழிலிட இரைச்சல் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்ற எல்லையை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும்: 94 டெசிபெலில் ஒரு மணி நேரம், 100 டெசிபெலில் 15 நிமிடம். சப்-ஊஃபர் பொருத்திய கார் 100 டெசிபெலைத் தாண்டுவது மிக எளிது. ஆயர் ஈத்தாமிலிருந்து பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் போய்ச் சேர்வதற்கு அந்தக் கால் மணி நேரம் போதாது. காரை விட்டு இறங்கியதும் காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைய ஒலி அளவு மீறியிருக்கிறது. அடுத்த பயணத்திலிருந்தே குறைத்துக்கொள்ள வேண்டும். உட்செவியில் அழிந்த மயிர்ச்செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.